எழுபதில் கழித்தது

கொழும்பு அனுப்பிய அட்டவணையில்
கடைசி நிரலின் பெயர் இழந்த ஆண்டுகள்.
எழுபதிலிருந்து இறந்த வயதைக் கழி,
மிச்சத்தை எழுது.
எழுபதைத் தாண்டியவருக்குப் பூச்சியம்.
அவர் எதையும் இழக்கவில்லை.

திருகோணமலையில் பதிவேட்டு அறைக்கு
ஒரே ஒரு யன்னல்.
வெளியே மான்கள் திரியும்.
நேற்று ஒன்று
யாரோ வீசிய லஞ்ச்சீற்றைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.
எழும்பிப் போய்த் துரத்தவில்லை,
இரைப்பையில் பதினாறு பேர் மிச்சம் இருந்தார்கள்.

உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல்:
ஒரு கவளம் போகிற வழியிலேயே
நானும் இறங்கி இறங்கிப் பதிகிறேன்.
ஈரலும் கணையமும் வழியோரம் நிற்பவை,
அவற்றுக்கு வேறு தாள்.

கிண்ணியா, லெப்பைத்தம்பி ஜௌபர், ஐம்பத்தெட்டு.
பன்னிரண்டு.
சேருநுவர, குசுமாவதி, அறுபத்துமூன்று.
ஏழு.
மூதூர், வேலாயுதம் கிருபாநிதி, முப்பத்தொன்பது.
இதற்கு மட்டும் கல்குலேட்டரை இரண்டு தரம் அமத்தினேன்.
இரண்டு தரமும் முப்பத்தொன்று.

கோப்புகள் எல்லாம்
வாய்வு என்றுதான் தொடங்குகின்றன.
பிறகு பாமசிக் குளிசை.
பிறகு இஞ்சி, உள்ளி, பக்கத்து வீட்டார் சொன்ன ஏதோ பட்டை.
பிறகு பெல்ற்றில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
பாணைத் தேத்தண்ணியில் நனைத்தால்தான் இறங்கும் என்ற நாட்கள்,
தேத்தண்ணியும் இறங்காத ஒரு காலை,
கமரா விடுவதற்குத் திகதி,
மகரகமைக்கு இரவு பஸ்.
என் மேசை லாச்சியிலும்
அதே குளிசை ஒரு மட்டை கிடக்கிறது. அது வேறு கதை.

சூம் கூட்டத்தில் ஒருவர் கோடுகள் காட்டினார்.
நாடு முழுவதும் சேர்ந்து ஒரு கோடு.
இரைப்பை மெல்லத் தாழ்கிறதாம்,
பெருங்குடல் ஏறுகிறதாம்.
நல்ல குரல் அவருக்கு,
'ஒட்டுமொத்தமாக' என்று நாலு தரம் சொன்னார்.
எங்கள் மாவட்டம் எங்கே என்று தேடினேன்.
கோட்டின் தடிப்புக்குள் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை
பாலையூற்றிலிருந்து புளோறன்ஸ் வந்தார்,
கணவரின் கடிதம் ஒன்றுக்கு முத்திரை வேண்டி.
அந்தோனிமுத்து ரெஜினோல்ட், உணவுக்குழாய்.
அடையாள அட்டையில் நாற்பத்தொன்பது.
இருபத்தொன்று என்று
நான் எழுதி முடித்து ஒரு கிழமை.

'பிழை மிஸ். அவருக்கு நாப்பத்தாறு.
சீனக்குடா ஆலையில
பதினெட்டு முடிஞ்சிருக்கோணும் எண்டவங்கள்.
பதினைஞ்சில மூண்டைக் கூட்டிப்போட்டு
மா மூட்டை தூக்கப் போனவர்.
சரியான பத்திரம் சுனாமியோட போட்டுது.
பிறகு ஆர் கேட்டது?'

திரையை எட்டிப் பார்த்தார்.
அது என்ன கணக்கு என்றார்.
சொன்னேன்.
விரலை மடிக்கத் தொடங்கி
இரண்டாம் விரலில் விட்டுவிட்டார்.
'அப்ப இருபத்திநாலு எல்லோ?
கூட எழுதினா ஏதும் காசு தருவினமே?'

இல்லை அக்கா.

'பரவாயில்ல. கூடவே எழுதுங்கோ.'

அட்டையில் உள்ள வயதைத்தான் எழுதலாம்.
சுற்றறிக்கை இருக்கிறது, கையெழுத்தோடு.
முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.
வாசலில் குடையை விரித்தார், மழை இல்லை,
வெயில்தான்.

ரெஜினோல்ட் முன்கூட்டியே செலவழித்த அந்த மூன்றை
எங்கே போடுவது?
குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
ஒருவரும் திறப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.
அதில் வெறுமனே
மூன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இன்று காலை கொழும்பிலிருந்து மெயில்.
மூன்று, எதில்? தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.
இன்னும் பதில் போடவில்லை.